லாக் ரிங்கும் வாடகை ஒப்பந்தமும்

இரவு 11 மணி இருக்கும். நாமக்கல் – சேலம் நெடுஞ்சாலையில் ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் பத்துச் சக்கர லாரி ஒன்று வந்து ஒதுங்கியது. தேங்காய் லோடு. ஓட்டுநர் இறங்குவதற்குள் கொட்டகைக்காரர் கையில் இரும்பு லிவரோடு லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். டயருக்கு ஒரு தட்டு. முன்பக்கம் இரண்டும் ‘டங்’ என்றன. பின்பக்கம் வெளி டயரும் ‘டங்’. சந்துக்குள் லிவரை விட்டு உள் டயரைத் தட்டினார். ‘தொப்’.

“உள் டயர் போயிருச்சுங்கண்ணா. எத்தனை தூரமா இப்படியே வர்றீங்க?”

ஓட்டுநருக்குத் தெரியவில்லை. வண்டி கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருந்தது, லோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று நினைத்தாராம். லாரியின் பின்பக்கம் சக்கரங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். உள்ளே இருப்பதில் காற்று இறங்கினால் வெளியே இருப்பது இரண்டின் பாரத்தையும் தாங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். உள் டயர் மட்டும் நசுங்கி நசுங்கிச் சூடேறிக்கொண்டே வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வெளி டயரும் வெடித்திருக்கும். வெடிக்கிற இடம் தொப்பூர் கணவாயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த மனிதரைப் பார்க்கத்தான் நாம் போயிருந்தோம். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அருந்ததியர். டயர் வேலைக்கு வந்து 28 ஆண்டுகள்.

இந்தப் பத்தியில் தோல் வேலை பற்றி எழுதியிருக்கிறோம். துப்புரவுப் பணி, பறை, செங்கல் சூளை, பஞ்சமி நிலம் எல்லாம் வந்திருக்கின்றன. டயர் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பஞ்சர் ஒட்டுவது எந்தச் சாதியின் தொழிலும் இல்லை என்பதால் நமக்கும் அது தோன்றவில்லை போலும். ஆனால், எந்தச் சாதியின் தொழிலும் இல்லை என்பதற்காகவே இந்த வேலையைத் தேடிப் போனவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

கை பார்க்கும் வேலை

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறோம். ‘பஞ்சர் கடைதானே’ என்று நாமும் ஒரு காலத்தில் சொன்னவர்கள்தான்.

ஜாக்கி போடுவதற்கு முன் எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. தார் ரோட்டின் ஓரம் மண். லோடு ஏறிய லாரியைத் தூக்கும்போது ஜாக்கி மண்ணில் இறங்கினால் லாரி சாயும், அடியில் ஆள் இருப்பார். அடுத்து, நட்டில் கை வைக்காமல் உள், வெளி டயர் இரண்டின் வால்வு ஊசியையும் கழற்றி மிச்சமிருந்த காற்றை முழுசாக இறக்கினார். இது ஏன் என்று கேட்டோம். “ரிம்முல விரிசல் இருந்தா நட்டைக் கழட்டறப்பவே தெறிச்சுரும்ங்க. காத்து இல்லாத டயரு யாரையும் ஒண்ணும் பண்ணாது” என்றார்.

பிறகுதான் நட்டு. இடப்பக்கச் சக்கரத்தில் நட்டைக் கழற்ற ஸ்பேனரை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டிய லாரிகள் பல உண்டு. தெரியாதவர் முழு பலத்தையும் போட்டுக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். டயரும் ரிம்மும் சேர்ந்து நூறு கிலோ வரும். அதை உருட்டி, சாய்த்து, படுக்கவைப்பதற்குத் தோள் பலம் மட்டும் இருந்தால் போதாது. சாய்வு தெரிய வேண்டும். அவர் ஒற்றை ஆளாக உருட்டினார். நாம் உதவிக்குக் கை நீட்டினோம். “விட்டுருங்க சார், இடுப்பு புடிச்சுக்கும்” என்று தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

சுத்தியல் தட்டில் லாக் ரிங் கழன்றது. ஃபிளாப், டியூப் வெளியே வந்தன. டியூபுக்குக் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பிக்கொண்டே வர, ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. அங்கே ஒரு குறி. பெரும்பாலோர் வேலை இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தால் ஒட்ட வேண்டியதுதானே? அவர் டியூபை ஓரமாக வைத்துவிட்டு டயருக்குள் வெறுங்கையை விட்டார். விரல் நுனியால் உள்வட்டம் முழுவதும் தடவிக்கொண்டே போனார். டியூபில் குறி இருந்த இடத்துக்கு நேராகக் கை நின்றது. குறட்டை வைத்து இழுத்தார். அரை விரல் நீள ஆணி.

“இதை எடுக்காம டியூப மட்டும் ஒட்டிக் குடுத்தா ராசிபுரம் போறதுக்குள்ள மறுபடி பஞ்சரு. அப்புறம் ‘பஞ்சர் கடைக்காரன் ரோட்டுல ஆணி போடறான்’னு பேரு வேற வரும்” என்று சிரித்தார். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

வெறுங்கை ஏன் என்றால், கையுறை போட்டால் ஆணி முனை விரலுக்குத் தெரியாதாம். ரேடியல் டயரின் உள்ளே எஃகுக் கம்பி இருக்கும். தேய்ந்த டயரில் கம்பி மயிரிழை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவருடைய பத்து விரல் நுனியிலும் பழைய கீறல்கள்.

ஒட்டுவதிலும் பொறுமை வேண்டும். ஓட்டையைச் சுற்றி ராவிச் சொரசொரப்பாக்க வேண்டும். சொல்யூஷன் தடவிய பிறகு காயவிட வேண்டும். விரலின் பின்பக்கத்தை வைத்தால் ஒட்டக் கூடாது. அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் வெயில் ரோட்டில் ஒட்டு நகர்ந்துவிடும். லாரி டியூபுக்குச் சூட்டு ஒட்டுதான் நம்பகம். பச்சை ரப்பரை வைத்து மின்சார அச்சில் இறுக்கிச் சூடேற்றினால் அது டியூபோடு ஒன்றாகிவிடும். அவர் தொழில் கற்ற காலத்தில் மின்சார அச்சு கிடையாது. பழைய இன்ஜின் பிஸ்டனை இறுக்கி, அதன் குழியில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்களாம். கந்தகம் கலந்த ரப்பரைச் சூடேற்றினால் உறுதியாகிறது என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது 1839-இல். நெடுஞ்சாலையோரப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பது அந்த வேலையைத்தான். பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கிற எத்தனை பேருக்கு அது என்ன வேலை என்று தெரியும்? பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். வல்கனைசிங் என்ற சொல்லின் பொருள் அவருக்குத் தெரியாது. எந்த ரப்பர் எத்தனை நிமிடத்தில் வேகும் என்பது தெரியும்.

அவர் செய்கிற இன்னொரு வேலைக்குக் காசு கிடையாது. ஒட்ட முடியாத டயரை ‘ஒட்ட மாட்டேன்’ என்று சொல்வது. பக்கவாட்டில் வெட்டு விழுந்த டயர், உள்ளே பிரிந்துகொண்டிருக்கிற டயர், பட்டன் தேய்ந்து வழுக்கையான டயர். கனரக வாகன டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதைப் பார்ப்பதற்கு நள்ளிரவில் எந்த அதிகாரியும் வருவதில்லை. டயரின் மீது கடைசியாகக் கை வைக்கிறவர் இவர்தான். ‘இது மேட்டூர் வரைக்கும் தாங்காதுங்கண்ணா, ஸ்டெப்னியப் போட்டுட்டுப் போங்க’ என்று சொன்னதற்காகக் கெட்ட வார்த்தை வாங்கியிருக்கிறார். ஒட்டிக் கொடுத்திருந்தால் காசு வந்திருக்கும்.

ரிங்

மேலே லாக் ரிங் என்று ஒரு சொல் வந்தது. டியூப் போட்ட லாரிச் சக்கரத்தின் ரிம் ஒரே துண்டு அல்ல. டயரை மாட்டிய பிறகு விளிம்பில் ஓர் இரும்பு வளையத்தைப் பொருத்திப் பூட்டுவார்கள். வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. துரு, வளைவு, அவசரம், ஏதோ ஒன்றால் ஓரிடத்தில் உட்காராமல் போய்விட்டால், காற்று ஏற ஏற அது தெறிக்கும். லாரி டயரில் 110 பவுண்டு காற்று என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 110 பவுண்டு அழுத்தம். சக்கரத்தின் ஒரு பக்கம் முழுவதும் சேர்த்தால் டன் கணக்கில் வரும். அத்தனையும் அந்த வளையத்தை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். காற்றடிக்கிறவர் அதன் மேல் குனிந்திருப்பார்.

அவருடன் ஒரே கடையில் வேலை பார்த்த இளைஞர் அப்படித்தான் போனார். அவரும் சேரிப் பையன்தான். அடி தாடையில் விழுந்தது. கடை முதலாளி அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தார். இழப்பீடு என்று எதுவும் இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. “அன்னைக்கு நான் டீ வாங்கப் போயிருந்தேனுங்க. இல்லீன்னா அந்த டயருக்குக் காத்து நான்தான் புடிச்சிருக்கோணும்” என்றவர் சிறிது நேரம் பேசவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய ரிம்களுக்கு 1980-லேயே தனி விதி போட்டுவிட்டார்கள். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். பயிற்சி இல்லாதவரை அந்த வேலையில் விடக் கூடாது. இங்கே இரண்டு பேர் வேலை செய்கிற கொட்டகை தொழிற்சாலைச் சட்டங்கள் எண்ணுகிற ஆள் கணக்கிலேயே வராது. ஆய்வாளரும் வர மாட்டார், கூண்டும் வராது.

இவர் கடையில் கூண்டு இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் பழைய குழாய்களை வாங்கித் தானே செய்துகொண்டது. முதலில் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, நிறுத்தி, வளையம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்கிறார். பிறகு கூண்டுக்குள் தள்ளி, நீள ஹோஸின் முனையை வால்வில் கவ்வவிட்டு, பத்தடி தள்ளி நின்று மீதிக் காற்றைப் பிடிக்கிறார். காற்று ஏறும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டுகிற வழக்கம் பல கடைகளில் உண்டு. இவர் தட்டுவதில்லை. உடன் வேலை செய்கிற தம்பியையும் தட்ட விடுவதில்லை. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவதும் அந்தத் தம்பியின் வேலை. தண்ணீர் தேங்கினால் தொட்டி உள்ளுக்குள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தொட்டி ஒருநாள் வெடிக்கும்.

தம்பிக்கு 19 வயது. பதினெட்டு முடியாத பையன்களை அவர் சேர்ப்பதில்லை. அவர் வேலைக்கு வந்தது 14 வயதில்.

தோலிலிருந்து ரப்பருக்கு

அவருடைய தாத்தா கவலை இறைக்கும் தோல் பறி தைத்தவர். பம்பு செட் வருவதற்கு முன் கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசனம் நடந்தது அந்தப் பறியால்தான். எருதுகள் இழுக்க, பறி தண்ணீரை மொண்டு மேலே வரும். தோல் கிழிந்தால் பண்ணையத்தில் தண்ணீர் நின்றுபோகும். எந்த நேரமானாலும் தைப்பவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். தைத்த தோலின் வழியாகத் தண்ணீர் கசியாமல் இருக்க வேண்டும். கூலி களத்தில் தவசமாக அளக்கப்படும், அளக்கிறவர் மனம் போல. தைத்த பறியில் வந்த தண்ணீரை அந்தக் கிணற்றில் இறங்கி அவர் மொண்டு குடிக்க முடியாது.

பம்பு செட் வந்ததும் பறி போனது. அவருடைய அப்பா செருப்புத் தைத்தார். அதிலும் ஒரு மாற்றம் வந்தது: அடித்தோலுக்குப் பதில் பழைய லாரி டயரை அறுத்து வைக்கத் தொடங்கினார்கள். தேயாது, விலை குறைவு. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் டயர் செருப்பைத்தான் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்குள் டயர் வந்தது அப்படித்தான். டயரை அறுக்கும்போது உள்ளே எத்தனை அடுக்கு நைலான் இருக்கிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பத்து வயதில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். பின்னாளில் உள்ளே பிரிந்துகொண்டிருக்கும் டயரை அமுக்கிப் பார்த்தே கண்டுபிடிக்க அது உதவியதாம்.

மூன்று தலைமுறையும் கசியாமல் ஒட்டுப் போட்ட கைகள் என்று நாம் சொன்னபோது அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “அது வேறங்க, இது வேற. தாத்தன் பண்ணுனது அவங்க சொன்னதால பண்ணுனது. இது நானாப் போய்க் கத்துக்கிட்டது” என்றார். சரிதான். திருத்திக்கொண்டோம்.

நெடுஞ்சாலைக்குப் போனதற்கு அவர் சொன்ன காரணம்: நடுராத்திரியில் டயர் வெடித்து நிற்கிற பஞ்சாப் ஓட்டுநர், ‘நீ என்ன சாதி’ என்று கேட்க மாட்டார். உள்ளூர் ஓட்டுநரும் அந்த நேரத்தில் கேட்பதில்லை. டீ வாங்கித் தருவார், அதே டம்ளரில் இவரும் குடிப்பார். தன் ஊரில் அவர் அப்பாவுக்கு அது நடந்ததில்லை.

சக்கரம் என்றதும் நமக்கு அண்ணல் அம்பேத்கரின் சாலிஸ்கான் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1929-இல், தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் அங்கே போனார். தீண்டப்படாதவரை ஏற்றிக்கொண்டு போவது தங்களுக்கு இழுக்கு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, அண்ணல் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. ஒரு சமூகத்தைத் தொழில் பழக விடாமல் வைத்திருந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். கதையைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த வண்டிய ஓட்டுனவருக்கு என்னாச்சுங்க?”

பெயர் ஏன் வேண்டாம்

பெயரைப் போட வேண்டாம் என்றதன் காரணத்துக்கு வருகிறோம்.

14 ஆண்டுகள் மற்றவர் கடையில் பங்குக்கு வேலை பார்த்தார். வேலையில் பாதிப் பணம் கடைக்கு, பாதி இவருக்கு. தனியாகக் கடை போடலாம் என்று கம்ப்ரசருக்குப் பணம் சேர்த்துக்கொண்டு சாலையோரம் இடம் தேடினார். முதலில் பார்த்த இடத்தில் முன்பணம் வரை பேசி முடித்தாயிற்று. மறுநாள் ‘மச்சானுக்கு இடம் வேணுமாம்’ என்று பதில் வந்தது. இரண்டாவது இடத்தில் ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னார். பேச்சு நின்றது. மூன்றாவது இடத்தில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதுதான் இப்போதைய கொட்டகை. நிலத்துக்காரர் நல்லவர்தான் என்கிறார். மாதம் பிறந்தால் வாடகை, ரசீது கிடையாது. சாதி தெரிந்தால் என்ன செய்வார் என்பது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் செய்வதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. அதைச் சொன்னோம். “கேஸ் போடலாமுங்க. போட்டுட்டு கம்ப்ரசரை எங்க கொண்டுபோய் வைக்கறது?” என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

வாடகைக்கு எழுத்து இல்லை என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அங்கிருந்துதான் மற்றதெல்லாம் தடைபடுகிறது. புதிதாக வருகிற லாரிகளில் டியூப் இல்லாத ரேடியல் டயர்களும் வருகின்றன. ரிம் ஒரே துண்டு. லாக் ரிங் கிடையாது. உயிருக்கு அது நல்லது. ஆனால், அந்த டயரை லிவரால் நெம்பி மாட்டினால் விளிம்பு கெட்டுவிடும். கழற்றி மாட்ட இயந்திரம் வேண்டும். பேலன்சிங், அலைன்மென்ட் வேண்டுமென்றால் முதலீடு லட்சக்கணக்கில் போகும். இயந்திரம் வைத்த கடைகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கின்றன. லிவரும் சுத்தியலும் வைத்திருப்பவரிடம் பழைய லாரிகளும் பைக்குகளும் மட்டும் மிஞ்சும். இன்னும் பத்து வருடம் ஓடும் என்று அவரே கணக்குப் போடுகிறார்.

கடன் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கென 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாட்கோ வழியாகவும் சிறு தொழிலுக்கு மானியத்தோடு கடன் உண்டு. இவருக்கு இரண்டும் தெரியும். விண்ணப்பத்தோடு ஒரு வங்கிக் கிளைக்கும் போயிருக்கிறார். சாதிச் சான்று, இயந்திர விலைப்புள்ளி, திட்ட அறிக்கை எல்லாம் இருந்தன. ‘கடை இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எங்கே?’ என்றார்கள். நிலத்துக்காரரிடம் ஒப்பந்தம் கேட்டால் ஆதார் நகல் கொடுக்க வேண்டும். எதற்கு ஒப்பந்தம் என்று அவர் கேட்டால் என்ன கடன், எந்தத் திட்டம் என்று சொல்ல வேண்டும். திட்டத்தின் பெயரிலேயே சாதி தெரிந்துவிடும். விண்ணப்பம் இன்னும் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

இந்த இடத்தில் அதிகாரிகளிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். வாடகை ஒப்பந்தம் தர மறுக்கிற நிலத்துக்காரரை எந்தத் திட்டமும் மாற்றிவிடாது. ஆனால், நெடுஞ்சாலையோரம், பேருந்து நிலையங்களில், லாரிப் பேட்டைகளில் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொந்தமான இடங்களும் கடைகளும் இருக்கின்றன. அவற்றில் டயர் பணிமனைக்கு ஏற்ற இடங்களைக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்து ஒதுக்கினால், வங்கி கேட்கிற தாள் அரசிடமிருந்தே கிடைத்துவிடுமே? லாரிக்குப் பெயர் போன மாவட்டத்தில் லாரிப் பேட்டைக்குள் பத்துக்கு இருபதில் ஓர் இடம் பெரிய கேட்பு இல்லை.

வாரியத்தில் ஒரு பெயர்

வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்குத் தமிழகத்தில் தனி நலவாரியம் உண்டு. ‘அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நலவாரியம்’ என்பது முழுப்பெயர். பெயரின் நீளத்தால்தானோ என்னவோ, நாம் பேசிய டயர் கடைகளில் பலருக்கு அது ஓட்டுநர்களுக்கான வாரியம் என்றே நினைப்பு. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. விபத்து மரணம், ஊனம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். விபத்து நடந்த பிறகு பதிவு செய்தால் பயனில்லை. ரிங் அடித்து இறந்துபோன அந்த இளைஞரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இன்னொன்று: பள்ளிப் படிப்பை விட்டவர்கள் கையால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. டயர் பொருத்துநர் என்பது ரப்பர் துறைத் திறன் கவுன்சிலின் வேலைப் பட்டியலிலேயே உள்ள பணி. 28 ஆண்டு அனுபவத்தைத் தாளில் காட்டச் சொன்னால் இவரிடம் ஒன்றுமில்லை. ‘படிக்காதவர், கூலி’ என்றுதான் ரேஷன் கடை முதல் வங்கி வரை எழுதிக்கொள்கிறார்கள். உடன் இருக்கும் தம்பியாவது அந்தச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தம்பி பிளஸ் டூ முடித்தவர். திறன்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். பாதிவரை நிரப்பியிருக்கிறார், முதலாளி பெயர் கேட்கிற கட்டத்தில் நிறுத்தியிருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தேங்காய் லாரியின் டயர் கூண்டிலிருந்து வெளியே வந்தது. மாட்டி, நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கினார். லிவரை எடுத்து உள் டயரை மறுபடி தட்டினார். இந்த முறை ‘டங்’.

“ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நட்டை ஒருக்கா டைட் வச்சுப் பாருங்கண்ணா. மறந்துராதீங்க.”

ஓட்டுநர் பணத்தைக் கொடுத்துவிட்டு போனை எடுத்தார். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் கூப்பிடுவதற்கு நம்பர் வேண்டும் என்றார். நம்பரைச் சொன்னார்.

“என்ன பேருன்னு போட்டுக்கறதுங்க?”

“டயர் கடைன்னு போட்டுக்குங்க.”